மூன்றாம் வரைபடம்

மார்ச் 3, திங்கள்

படிவம் வந்துவிட்டது. பதினெட்டுப் பக்கம். பேராசிரியர் பதவிக்கு மூன்றாவது முறையாக விண்ணப்பிக்கிறேன். நான்காவது முறை என்று ஒன்று விதியிலேயே கிடையாது. இந்தத் தடவையும் கையை விரித்தார்களென்றால் என் ஆய்வகத்தை மேல்மாடி ஆய்வகக்காரர்களோடு சேர்த்துவிடுவார்கள். என் அறையில் அவர்களுடைய புது இயந்திரம் வந்து உட்காரும். நான் அதன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு தூசி தட்டலாம்.

துறைத்தலைவர் தானே கொண்டுவந்து மேசையில் வைத்தார். எங்கள் ஆய்வகத்தில் அவருக்குச் 'சதவீதம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் அந்தக் கணக்கில்தான் பதில் வரும். "எண்பத்தஞ்சு சதவீதம் உறுதி மேடம். முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள குடுத்துடுங்க" என்றார். போன தடவை எழுபது என்றார். அதற்கு முந்தின தடவை தொண்ணூறு.

மார்ச் 5, புதன்

பதினான்காம் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். 'தங்கள் ஆய்வுக் கட்டுரைகளுள் அதிகத் தாக்கம் ஏற்படுத்திய ஒன்றைக் குறிப்பிட்டு, பிற ஆய்வாளர்கள் அதை எவ்வாறு பயன்படுத்தினர் என்பதை இருநூறு சொற்களில் விளக்குக.'

எந்தக் கட்டுரை என்று யோசிக்க ஒன்றுமில்லை. இருபத்தாறு வருடத்தில் நாற்பத்தொரு கட்டுரை எழுதியிருக்கிறேன். பலவற்றை என்னைத் தவிர யாரும் சீண்டவில்லை. ஒன்றுக்கு மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு மேற்கோள், அதாவது மற்றவர்கள் தங்கள் கட்டுரையில் 'சைட்டேஷன்' என்று அதைக் குறிப்பிட்ட தடவைகள். பதினைந்து வருடத்துக்கு முந்தைய சிறுநீரகக் கட்டுரை. தினமும் காலையில் தேநீருக்கு முன்னால் கணினியில் அந்த எண்ணைத்தான் பார்க்கிறேன். ஏறியிருந்தால் தேநீர் நன்றாக இருக்கும்.

'எண் ஏழு' என்று நாங்கள் பெயர் வைத்திருந்த ஒரு மருந்துப்பொருள். சிறுநீரகம் கெட ஆரம்பித்த எலிகளுக்குக் குடிநீரில் கலந்து பன்னிரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தோம். மூன்றாவது வாரத்தில் பிரமாதம். ஆறாவது வாரத்தில் மருந்து குடித்த எலிக்கும் குடிக்காத எலிக்கும் வித்தியாசமே இல்லை. பன்னிரண்டாவது வாரத்தில், குடித்த எலிகளின் சிறுநீரகம்தான் அதிகமாகக் கெட்டிருந்தது. இவ்வளவுதான் கட்டுரை. முதல் இரண்டு வரைபடமும் நல்ல சேதி, மூன்றாவது கெட்ட சேதி. அந்த மூன்றாவதற்காக நானும் என் உதவியாளரும் பதினொரு மாதம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, சிறுநீரகத்தின் சின்னச் சின்ன வடிகட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணினோம். அவருக்குக் 'கடிகாரம்' என்று பெயர். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட எட்டு மணிக்கு ஒரு நிமிடம் தாண்டி வந்ததில்லை.

நாளைக்கு நாலைந்து பேர் என்னை எப்படி எடுத்தாண்டிருக்கிறார்கள் என்று பார்த்து, நல்ல வாக்கியமாக இரண்டை எடுத்துப் போட்டால் பக்கம் நிறைந்துவிடும்.

மார்ச் 6

முதலில் திறந்தது: 'எண் ஏழு சிறுநீரகத்தைப் பாதுகாக்கிறது என்பது நிறுவப்பட்டுள்ளது.' கீழே என் பெயர்.

யாரோ அவசரக்காரர் என்று அடுத்ததைத் திறந்தேன். அதே வாக்கியம். மூன்றாவதில் 'ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டுள்ளது'. யாருக்கு ஐயமில்லை? எனக்கு இருக்கிறதே? எழுதினவள் நான்தானே?

மார்ச் 11, செவ்வாய்

நூற்று நாற்பது பார்த்தாகிவிட்டது. காகிதத்தில் மூன்று கட்டம் போட்டிருக்கிறேன் — சரி, தலைகீழ், சும்மா. 'சும்மா' என்றால் பட்டியலை நீட்டுவதற்காக என்னைச் சேர்த்துக்கொண்டவர்கள். 'சரி' கட்டத்தில் ஒன்பது கோடுதான் விழுந்திருக்கிறது.

பதினைந்து வருடமாக இதில் ஒன்றைக்கூட நான் திறந்து பார்த்ததில்லையா? இல்லை. எண்ணைப் பார்த்தேன். எண் ஏறினால் போதும் என்று இருந்தேன். என் கட்டுரையை மூன்றாவது வரைபடம்வரை படிக்காதவர்களைத் திட்டிக்கொண்டே போகிறேன், நான் அவர்களுடையதை முதல் வரிகூடப் படிக்கவில்லை.

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். இவர் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். பரீட்சைத் தாள் கட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "என் பசங்க கேள்வியில பாதியைப் படிச்சிட்டு பதில் எழுதுவாங்க. வளர்ந்து உங்க பக்கம் வந்துட்டாங்க போல" என்றார். சிரிப்பு வரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

சதவீதத்திடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு, பொறுமையாக, வரைபடத்தையே காட்டிச் சொன்னேன். முழுவதும் கேட்டார். அதற்காகவாவது நன்றி சொல்ல வேண்டும்.

"மேடம், எப்படிக் குறிப்பிட்டாங்கன்னு கமிட்டி பாக்காது. எத்தனை தடவைன்னுதான் பாக்கும்."

"தலைகீழா எழுதியிருக்காங்க சார்."

"திட்டி எழுதினாலும் கணக்குல வரும் மேடம். உங்களை யாரும் திட்டக்கூட இல்லையே. பாராட்டித்தானே எழுதியிருக்காங்க?"

அந்தப் பாராட்டுதான் எனக்கு அவமானம் என்று சொன்னால் அந்த மனிதருக்குப் புரியாது. "இப்ப இதைக் கிளறினா எண்பத்தஞ்சு, முப்பதுக்கு இறங்கிடும்" என்று சொல்லி எழுந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

மார்ச் 16, ஞாயிறு

எழுத முடியுமா தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். அத்தானுக்கு இரண்டு வருடமாகச் சிறுநீரகத்தில் கோளாறு. பெரிதாக ஒன்றுமில்லை, மாத்திரையும் உப்புக் குறைத்த சாப்பாடுமாக ஓடுகிறது. என்னைப் பார்த்ததும் வழக்கம்போல, "வாங்க டாக்டரம்மா, எலியெல்லாம் சௌக்கியமா?" என்றார். சாப்பிட்டு முடித்ததும் அக்கா அலமாரியிலிருந்து ஒரு ஆரஞ்சு டப்பாவை எடுத்து, ஒரு காப்ஸ்யூலைத் தட்டி அவர் கையில் வைத்தாள்.

சாதாரணமாகத்தான் கேட்டேன், "என்னக்கா அது?" என்று.

அவள் முகத்தில் ஒரு சிரிப்பு. உள்ளே போய் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொண்டுவந்தாள். நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்து, ஒட்டியிருந்தது. மேலே பெரிய எழுத்தில் 'சிறுநீரகக் காவலன்', அதற்கடுத்து 'எண் ஏழு கலந்தது'. கீழே, கண்ணுக்குத் தெரியாத சின்ன எழுத்தில் ஐந்து ஆய்வுச் சான்று. மூன்றாவது நான். அக்கா தையற்காரி, துணியில் குறிக்கும் சிவப்புப் பென்சிலால் என் பெயரின் கீழ் கோடு போட்டிருந்தாள்.

"உன் பேரு பாத்தியா? தைக்கக் குடுக்க வர்றவங்க எல்லாருக்கும் காட்டியிருக்கேன். உன்கிட்ட சொல்லாம ஒரு வருஷம் குடுத்து, அவருக்கு நல்லா ஆனதும் சொல்லலாம்னு இருந்தேன்."

ஒரு வருடம் இரண்டு மாதம். எலிக்குப் பன்னிரண்டு வாரம்.

நிறுத்துக்கா, இன்னைக்கே நிறுத்து — கத்திவிட்டேன். அத்தான் கையில் காப்ஸ்யூலோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"உன் பேரைப் பாத்துத்தானடி வாங்கினேன். நீ எழுதினது பொய்யா?"

"பொய் இல்லக்கா. நான் எழுதினதை அவங்க தப்பா…"

"பதினஞ்சு வருஷமா தப்பா எழுதறாங்க, உனக்குத் தெரியாது? எல்லாருக்கும் தெரியும், எழுதின உனக்கு மட்டும் தெரியாது?"

போன ஆறு மாதமாக அத்தானுடைய ரத்தத்தில் கிரியேட்டினின் — சிறுநீரகம் சரியாக வடிகட்டாதபோது தேங்கும் கழிவு — கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறதாம். அது நோயின் போக்கா, இதனாலா — எலியை வைத்து மனிதரைச் சொல்ல முடியாது. யாராலும் சொல்ல முடியாது, என்னாலும்தான். ஆனால் அந்தச் சிவப்புக் கோடு என் பெயருக்குக் கீழேதான் இருக்கிறது.

மார்ச் 17

அக்கா போனை எடுக்கவில்லை. அத்தான் எடுத்தார். டாக்டரிடம் காட்டிவிட்டார்களாம், நிறுத்தச் சொல்லிவிட்டாராம். "நீ மனசுல வச்சுக்காதே" என்றார். வேறெங்கே வைத்துக்கொள்வது?

மார்ச் 19, புதன்

இந்தப் பொய்யை முதலில் ஆரம்பித்தவன் யார்? அவன் சட்டையைப் பிடிக்காமல் விடுவதில்லை என்று, நானூற்றுப் பன்னிரண்டையும் வருட வரிசையில் அடுக்கினேன். முதல் மூன்று வருடத்தில் நாலே நாலு மேற்கோள். நாலும் சரி. அதில் இரண்டு நானே எழுதியது. பிறகு, பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு தொகுப்புக் கட்டுரை — அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துச் சொல்கிற ரகம், எல்லோரும் மூலத்தை விட்டுவிட்டு இதைத்தான் படிப்பார்கள். அதில்தான் முதன்முதலாக அந்த வாக்கியம். அதற்குப் பிறகு தலைகீழாக எழுதியவர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்து எழுதியவர்கள். அவர்களைப் பார்த்து எழுதியவர்கள் மீதிப் பேர்.

பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் கட்டுரையின் தலைப்பை எங்கேயோ பார்த்த ஞாபகம். எங்கே? பழைய மின்னஞ்சலில் தலைப்பைப் போட்டுத் தேடினேன்.

நான்தான் அதை மதிப்பாய்வு செய்திருக்கிறேன்.

ஒரு கட்டுரை அச்சாகும் முன் அந்தத் துறையைச் சேர்ந்த இரண்டு பேர் பெயர் சொல்லாமல் படித்துக் குறை சொல்ல வேண்டும். அந்த இரண்டு பேரில் இரண்டாவது ஆள் நான். என் அறிக்கை அப்படியே இருக்கிறது, ஒன்றரைப் பக்கம். கடைசிப் பத்தி: 'இத்துறையில் முக்கியமான பின்வரும் ஆய்வை ஆசிரியர்கள் தவறவிட்டுள்ளனர். இதைச் சேர்த்த பின்னரே கட்டுரையை ஏற்க இயலும்.' கீழே என்னுடைய கட்டுரை. என்னுடையது! பெயர் தெரியாத மறைவில் உட்கார்ந்துகொண்டு என்னை நானே சிபாரிசு செய்திருக்கிறேன்.

இது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். செய்ததைச் சொல்லிக்கொள்ளத்தான் மாட்டார்கள். அந்த வருடம் என் வேலை நிரந்தரமாவதற்கு மேற்கோள் எண்ணிக்கை கேட்டார்கள். என்னிடம் நாலு இருந்தது.

திருத்திய பிரதியோடு அவர்கள் எழுதிய பதிலும் இருக்கிறது. 'மதிப்பாய்வாளரின் மேலான ஆலோசனைக்கு நன்றி. அவ்வாய்வைச் சேர்த்துவிட்டோம்.' பாவம், எங்கே சேர்ப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஏற்கனவே எழுதிவைத்திருந்த 'பாதுகாக்கிறது' என்ற வாக்கியத்தின் வாலில் என்னைச் செருகிவிட்டார்கள். நான் பட்டியலில் என் பெயர் இருக்கிறதா என்று பார்த்தேன். எந்த வாக்கியத்தில் என்று பார்க்கவில்லை. அவர்கள் பிரதி வந்த நேரம் காலை பத்து நாற்பது. 'ஏற்கலாம்' என்று நான் அனுப்பிய நேரம் பத்து ஐம்பத்தொன்று.

மார்ச் 20

பதினோரு நிமிடம்.

மார்ச் 23, ஞாயிறு

அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் அக்கா. கழுத்தில் அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"காட்டு. அது கெடுதின்னு நீ எழுதியிருக்கேன்னியே, எங்க எழுதியிருக்கே? என் கண்ணால பாக்கணும்."

எடுத்துக் கொடுத்தேன். ஆங்கிலம் அவளுக்கு வராது. தாளைப் புரட்டிக்கொண்டே போனாள், மூன்றாவது வரைபடத்தில் நின்றாள். "இதானா?" என்றாள். எந்தக் கோடு எது என்று மட்டும் சொன்னேன் — தடித்த கோடு மருந்து குடித்த எலி, மெல்லிய கோடு குடிக்காத எலி, கோடு மேலே ஏறினால் சிறுநீரகம் கெடுகிறது என்று அர்த்தம். அளவு நாடாவைத் தாளின் மேல் நீளமாக வைத்துப் பார்த்தாள்.

"ரெண்டு கோடும் இந்த இடத்துல வெட்டிக்குது. அதுக்கப்புறம் இது மேல போயிடுது."

"ஆமா."

"இது தெரிய படிச்சிருக்கணுமாடி?"

பிறகுதான் உட்கார்ந்தாள். மதிப்பாய்வு விஷயத்தையும் சொல்லிவிட்டேன். மறைத்திருக்கலாம், அவளுக்குத் தெரிந்திருக்காது. கேட்டுவிட்டு ரொம்ப நேரம் நாடாவைச் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தாள். "நானும் உன் பேரை மட்டும்தான் பாத்தேன், நீயும் உன் பேரை மட்டும்தான் பாத்திருக்கே" என்றாள். திட்டியிருந்தால் தேவலாம்.

மார்ச் 28, வெள்ளி

எல்லாம் எண்ணி முடித்துவிட்டேன். சரி: இருபத்தேழு. சும்மா: நாற்பத்தேழு. தலைகீழ்: முந்நூற்று முப்பத்தெட்டு.

கடிகாரத்திடம் சொன்னேன். ஆய்வகம் போனால் அவரையும் கிடங்குக்கு அனுப்பிவிடுவார்கள், ஓய்வுபெற இன்னும் பத்து மாதம்தான் இருக்கிறது. அதனால் அவரிடம் கேட்காமல் செய்யக் கூடாது என்று தோன்றியது. பதினான்காம் பக்கத்தில் உண்மையை எழுதப் போகிறேன் என்றேன்.

கண்ணாடித் தகடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. "மூணாவது படத்தை ஒருத்தர்கூடப் பாக்கலையா மேடம்?" என்றார்.

"இருபத்தேழு பேர் பாத்திருக்காங்க."

"பதினோரு மாசம்…" என்றார். கையிலிருந்த தகட்டை வைத்துவிட்டு, "எழுதுங்க. கிடங்குலயும் எட்டு மணிக்குத்தான் திறப்பாங்க" என்றார்.

மார்ச் 31, திங்கள்

கொடுத்துவிட்டேன். பதினான்காம் பக்கம் சரியாக இருநூறு சொல். நானூற்றுப் பன்னிரண்டில் எத்தனை எந்தக் கட்டத்தில் என்பது, கட்டுரை உண்மையில் என்ன சொல்கிறது, தவறு எந்தத் தொகுப்புக் கட்டுரையில் தொடங்கியது, அதை மதிப்பாய்வு செய்தது யார், என்ன கேட்டாள், எத்தனை நிமிடத்தில் ஏற்றாள். 'நான்' என்ற சொல் மட்டும் ஒன்பது தடவை வந்துவிட்டது. அக்காவையும் அத்தானையும் எழுதவில்லை. அது கமிட்டிக்கு இல்லை.

அதையே நீட்டி, அந்தத் தொகுப்புக் கட்டுரை வந்த பத்திரிகைக்கும் ஒரு கடிதமாக அனுப்பிவிட்டேன்.

சதவீதம் படிவத்தை வாங்கிப் பக்கங்களைச் சரக்கென்று புரட்டினார். கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தார். "தொண்ணூறு!" என்றார்.

ஜூன் 12, வியாழன்

பத்திரிகை ஆசிரியர் பதில் போட்டிருக்கிறார். என் கடிதத்தில் 'புதிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை' என்பதால் வெளியிட இயலவில்லையாம். இல்லைதான். பதினைந்து வருடத்துக்கு முன்னால் அச்சில் வந்ததைத்தானே சொல்கிறேன்? அதுதானே என் புகாரே?

மறுபடி எழுதினேன். காரமாகத்தான் எழுதினேன். இவர் படித்துப் பார்த்து மூன்று வாக்கியத்தை வெட்டச் சொன்னார். இரண்டை வெட்டினேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நேர்காணல். ஐந்து பேர், நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். எத்தனை மாணவர்கள், எத்தனை கட்டுரைகள், வரும் ஐந்து வருடத்துக்கு என்ன திட்டம். பதினான்காம் பக்கம் எப்போது வரும் என்று கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டே இருந்தேன். கடைசியில் வெள்ளைத் தாடி வைத்தவர், "உங்க சைட்டேஷன் எல்லாம் ரொம்ப நல்லாயிருக்கு மேடம்" என்றார்.

"சார், அதைப் பத்திதான் ஒரு விஷயம் சொல்லணும். பதினாலாம் பக்கத்துல…"

நடுவில் இருந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எல்லாம் ஃபார்ம்ல இருக்கே மேடம். நாங்க பாத்துக்கறோம்."

ஃபார்மில் இருக்கிறது. ஆமாம். ஃபார்மில்தான் இருக்கிறது.

செப்டம்பர் 8, திங்கள்

கிடைத்துவிட்டது.

பேராசிரியர். கடிதம் இதோ பக்கத்தில் இருக்கிறது. அப்படியே எழுதிவைக்கிறேன், பிறகு நானே நம்ப மாட்டேன்: 'எண் ஏழு என்னும் மருந்துப்பொருள் சிறுநீரகத்தைக் காக்கும் என்பதை நிறுவி, நானூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளுக்கு அடித்தளமிட்ட தங்கள் கட்டுரையின் தாக்கத்தைக் குழு ஒருமனதாகப் பாராட்டுகிறது.'

ஒருமனதாக! ஐந்து பேரில் ஒரு ஆள்கூட — இருநூறு சொல்தானே? ஒரு நிமிடம் ஆகுமா? என் வாயால் நானே ஒப்புக்கொண்டதைக்கூட ஒருத்தரும் படிக்கவில்லையே. என்னதான் செய்யணும் நான்? கூரை மேல ஏறி நின்னு கத்தணுமா?

கடிதத்தை எடுத்துக்கொண்டு சதவீதத்திடம் போனேன். பதினான்காம் பக்கத்தைப் பிரித்து மேசையில் வைத்து, "இப்பவாவது படிங்க" என்றேன். படித்தார். முகம் சுருங்கியது. எழுந்து போய் சன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"இப்ப என்ன மேடம் பண்ணச் சொல்றீங்க?"

"குழுவுக்கு எழுதுங்க. படிக்காம குடுத்திருக்காங்கன்னு."

"பதவி வேணும்னு கேக்க ஃபார்ம் இருக்கு. குடுத்ததைத் திருப்பித் தரேன்னு சொல்ல ஃபார்ம் கிடையாதே. நான் எதுல எழுதறது?" கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

நானே குழுவுக்கு ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். கடிதத்தைப் பிரித்த அந்த முதல் நிமிடத்தில், பாராட்டு வரிக்கு வருவதற்கு முன்னால், சந்தோஷமாக இருந்தது. அறை தப்பியது, கடிகாரம் கிடங்குக்குப் போக வேண்டாம், இருபத்தாறு வருடத்துக்குக் கதவில் ஒரு பெயர்ப்பலகை. அந்தச் சந்தோஷம் நிஜம்தான். அதன் மேல்தான் இவ்வளவு கோபமும்.

செப்டம்பர் 30

குழுவிடமிருந்து பதில், ஒரு வரி. 'தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் நன்றியறிதலுக்கு மகிழ்ச்சி.'

நவம்பர் 20, வியாழன்

பத்திரிகையில் கடிதம் வந்துவிட்டது. மூன்று தடவை மறுத்து, நாலாவது தடவை சலித்துப்போய்ப் போட்டுவிட்டார்கள். கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கம், கருவி விற்பவர்களின் விளம்பரத்துக்குப் பக்கத்தில். மதிப்பாய்வு செய்தவள் நான் என்பதை மட்டும் வெட்டச் சொன்னார்கள், மதிப்பாய்வாளர் பெயர் ரகசியமாம். என் ரகசியத்தை நானே சொல்லக் கூடாதா என்று சண்டை போட்டு வைத்துக்கொண்டேன். சக விஞ்ஞானி ஒருத்தி நடைக்கூடத்தில் என்னைப் பார்த்ததும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். அவளும் மதிப்பாய்வில் யாரிடமாவது தன் கட்டுரையைச் சேர்க்கச் சொல்லியிருப்பாள்.

காலையில் எண்ணைப் பார்த்தேன். நானூற்று முப்பத்தெட்டு. அதில் ஒன்று என் மறுப்புக் கடிதம். அதையும் சேர்த்து எண்ணிவிட்டது. மேசையைக் குத்தினேன், தேநீர் சிந்தியதுதான் மிச்சம்.

மாலை அக்கா பேசினாள். அத்தானுக்குப் புது ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஏறவில்லை, இறங்கவும் இல்லை, அப்படியே நிற்கிறது. "இனிமே உன் பேரு எங்க போட்டிருந்தாலும் உன்கிட்ட கேட்டுட்டுத்தான்" என்றாள். நல்லது என்றேன். அந்தத் துண்டுப் பிரசுரத்தை என்ன செய்தாய் என்று கேட்க வாய் வரவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

கடிகாரத்துக்கு இந்த மாதத்தோடு ஓய்வு. காலையில் நான் போகும்போது அட்டைப்பெட்டிகளில் பழைய ஆய்வுக் குறிப்பேடுகளை வருட வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். கணினியைத் திறந்தேன், முகம் தெரியாத யாரிடமிருந்தோ ஒரு மின்னஞ்சல். ஒரு மருத்துவமனையில் சிறுநீரகப் பிரிவின் மருந்தாளுநர். பாராட்டு இல்லை, 'மதிப்பிற்குரிய' கூட இல்லை.

'உங்கள் கடிதத்தைப் பார்த்துவிட்டு மூலக் கட்டுரையை எடுத்துப் படித்தேன். மூன்றாம் வரைபடம், ஒன்பதாவது வாரம். மருந்து குடித்த எட்டு எலிகளின் புள்ளிகளில் ஏழு மேலே இருக்கின்றன, ஒன்று மட்டும் தனியாகக் கீழே நிற்கிறது. அந்த எலிக்கு என்ன? அதை ஏன் நீக்கவில்லை? காரணம் கட்டுரையில் இல்லை.'

நாலு தடவை படித்தேன். பிறகு நாற்காலியைத் திருப்பி, "ஒம்பதாவது வாரத்துல ஒண்ணு மட்டும் கீழ நிக்குதே, அது என்னன்னு ஞாபகம் இருக்கா?" என்றேன்.

யோசிக்கவே இல்லை மனிதர். "காது கிழிஞ்சவ" என்றார்.

"யாரு?"

"பக்கத்துல இருந்தவளோட சண்டை போட்டுக் காதைக் கிழிச்சுக்கிட்டாளே மேடம். தனிக் கூண்டுல போட்டதும் வீம்பு பிடிச்சு மருந்துத் தண்ணியைத் தொடவே இல்ல. நல்ல தண்ணி வச்சாத்தான் குடிச்சா. மருந்து போகல, அதான் அவ சிறுநீரகம் நல்லா இருந்துது. அவளை எடுத்துட்டா கோடு இன்னும் அழகா ஏறும்னு நான்தான் சொன்னேன். நீங்க எடுக்கக் கூடாதுன்னுட்டீங்க. எண்ணினதை எண்ணினபடி போடணும்னீங்க. ரெண்டு நாள் என்கூடப் பேசக்கூட இல்ல."

சுத்தமாக ஞாபகம் இல்லை. காரணத்தை அடிக்குறிப்பாக எழுதி, இடம் போதாதென்று பத்திரிகைக்காரர்கள் வெட்டியது மட்டும் லேசாக நினைவு வந்தது. நான் அப்படிச் சொன்னேனா? மூன்றே வருடத்தில் பதினோரு நிமிடத்துக்கு வந்துவிட்ட அதே ஆளா?

"யாரு மேடம் கேட்டாங்க?" என்றார். மின்னஞ்சலைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். பிறகு போய், காலையில் கட்டிய மூன்றாவது பெட்டியைப் பிரித்து, அடியிலிருந்து ஒரு குறிப்பேட்டை உருவினார். அவர் கையெழுத்து. 'காது கிழிஞ்சவ இன்றைக்கும் குடிக்கவில்லை. நாளைக்குப் பார்க்கலாம்.' அடுத்த நாளும் அதுவே. அதற்கடுத்த நாளும். ஒன்பது நாள்.

"தேதி போட்டிருக்கேன் பாருங்க" என்றார்.

அந்தப் பக்கங்களைப் படமெடுத்துச் சேர்த்து, மருந்தாளுநருக்கு இருவருமாகப் பதில் எழுதினோம். சாயங்காலம் நாலு மணி ஆகிவிட்டது, மூன்றரைப் பக்கம் வந்தது. கடிகாரத்தின் முழுப்பெயரையும் கையெழுத்து இடத்தில் போட்டேன். பெட்டியை மறுபடி கட்டட்டுமா என்று கேட்டார். இருக்கட்டும், மருந்தாளுநர் இன்னொரு கேள்வி கேட்டாலும் கேட்பார் என்றேன்.

இன்று காலையில் எண்ணைப் பார்க்கவில்லை. இதை எழுதும்போதுதான் ஞாபகம் வந்தது.